மண் தந்த மருந்துகள்

மருந்துகளின் வரலாற்றைப் படிப்போர் அடிக்கடி ஒரு பிடி மண்ணிடம் வந்து சேர்வர். பிலிப்பைன்ஸ் நாட்டின் இலொய்லோ பகுதி மண்ணில் பெறப்பட்ட நுண்ணுயிர்கொல்லியான எரித்ரோமைசின் 1952இல் வெளிவந்தது. பிரான்சின் தென்கரையிலிருந்து 1957இல் மிலான் நகருக்குச் சென்ற மண், காசநோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் ரிபாம்பிசினின் மூலமாயிற்று.

1954இல் பொஸ்ரன் நகரில் முதன்முதலாகச் சிறுநீரக மாற்றுச் சிகிச்சை வெற்றி கண்டது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒத்த இரட்டையராதலின், உடல் அதனை அந்நியமெனத் தள்ளவில்லை. ஏனையோருக்கு வழி குறுகியதாகவே இருந்தது.

1969இல் நோர்வேயின் ஹார்டங்கர்விடா மேட்டுநிலத்து மண் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரை அடைந்தது. சன்டோஸ் நிறுவனத்தார் அதில் தேடியது புதியதொரு நுண்ணுயிர்கொல்லியையே. 1972இல் அவர்கள் கண்டதோ, நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் சைக்குளோஸ்போரின். 1978இல் கேம்பிரிட்ஜில் றோய் கான் இதனை நோயாளருக்கு வழங்கினார். ஜப்பானிய மண்ணில் 1984இல் கண்டறியப்பட்ட ரக்ரோலிமஸ் இன்று பெரிதும் பயன்படுகிறது.

இம்மருந்துகள் ஓர் உடலிற் சந்திக்கும்போது சிக்கல் எழும் என்பதை 1980களில் வைத்தியர்கள் உணர்ந்தனர். சைக்குளோஸ்போரினையும் ரக்ரோலிமஸையும் சிதைப்பது ஈரலிலும் குடலிலும் உள்ள ஒரு நொதியம். எரித்ரோமைசின் அதனைத் தடுக்கும். இரத்தத்தில் மருந்தின் அளவு உயர்ந்து சிறுநீரகம் பழுதடையலாம். ரிபாம்பிசின் அந்நொதியத்தைப் பெருக்கும். அளவு வீழ்ந்து, பெற்ற சிறுநீரகத்தை உடல் நிராகரிக்கலாம். எல்லா நுண்ணுயிர்கொல்லிகளும் இத்தகையனவல்ல. எது எத்தகையது என்பதை வைத்தியரே அறிவார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், மாற்றுச் சிறுநீரகத்துடன் வாழும் முதியவர் ஒருவருக்கு மொழிபெயர்க்க நாம் வைத்தியசாலை சென்றிருந்தோம். வேறு மருந்து ஏதும் எடுத்தீர்களா என்று வைத்தியர் வினவினார். இல்லை என்றார் பெரியவர். அதனையே நாமும் மொழிபெயர்த்தோம். படியிறங்கும்போது சட்டைப்பையிலிருந்து குளிசை அட்டையொன்றை எடுத்தார். “மாஸ்ரர், இருமலுக்குப் பக்கத்து வீட்டுத் தம்பி தந்தது. இதையும் சொல்ல வேணுமோ?” அது எரித்ரோமைசின். வைத்தியர் எழுதித் தருவது மட்டுமே மருந்து என அவர் எண்ணியிருந்தார். உடனே திரும்பப் படியேறினோம்.

இருப்பதைப் பகிர்ந்துண்பது நம்மவர் பண்பு. குளிசைகளை அவ்வாறு பகிர்தல் ஆகாது. வைத்தியசாலைக்குச் செல்லும்போது வீட்டிலுள்ள மருந்து அட்டைகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். நாமாக எதனையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம். மொழி தடுமாறினாலும் அட்டையிலுள்ள பெயரை வைத்தியர் வாசித்தறிவார்.