சாக்கில் போட்ட ரோடு

எங்கள் வீட்டில் தாத்தாவைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. ஒன்று பெரியப்பா சொல்வது: “எங்கப்பா நேதாஜி படையில இருந்தவரு.” இன்னொன்று தாத்தாவே சொன்னது: “பர்மாவுல சாக்கைத் தார்ல முக்கி ரோடு போட்டோம்.” முதல் கதையை ஊரே நம்பியது. இரண்டாவதைக் கேட்டால் ஆயாவே சிரிப்பார். “சாக்குல ரோடாம், அது மேல லாரி போச்சாம்” என்பார். தாத்தா பதில் சொல்லமாட்டார். பீடியைப் பற்றவைத்துக்கொண்டு திண்ணைக்குப் போய்விடுவார்.

வேலூர்ப் பக்கத்தில் பட்டாளத்துக்குப் போன தாத்தா என்பது பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் துறந்தார்கள் என்கிறது அது. எண்ணிக்கை இருக்கிறது, ஒரு பெயர்கூட இல்லை. எத்தனையோ தடவை அதைக் கடந்து போயிருக்கிறேன். தாத்தாவைத் தேட ஆரம்பித்த பிறகுதான் அது உறைத்தது.

பெரியப்பா இறந்த பிறகு அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். அடியில், பழைய வேட்டித் துணியில் சுற்றி, தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகமும் மூன்று பதக்கங்களும் இருந்தன. அவற்றில் இரண்டு ஆறுமுனை நட்சத்திரங்கள். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாம் உலகப் போருக்காக பிரிட்டன் கொடுத்த நட்சத்திரங்கள் எல்லாமே ஒரே வடிவம்தான். ஆப்பிரிக்காவா, இத்தாலியா, பர்மாவா என்பதை நடுவில் இருக்கும் வளையத்து எழுத்தையும் ரிப்பனின் நிறத்தையும் வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றில் ‘1939-1945 ஸ்டார்’ என்றிருந்தது. இன்னொன்றைப் புளி போட்டுத் தேய்த்தபோது ‘பர்மா ஸ்டார்’ என்று தெரிந்தது. கருநீல ரிப்பன், நடுவில் சிவப்பு, இரண்டு பக்கமும் மெல்லிய ஆரஞ்சுக் கோடு.

பெரியப்பாவின் கதை அங்கேயே உடைந்துவிட்டது. நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம் ஜப்பானியரோடு சேர்ந்து பிரிட்டிஷ் படையை எதிர்த்துப் போரிட்டது. அதில் இருந்தவருக்கு வெள்ளைக்காரன் எதற்குப் பதக்கம் தரப்போகிறான்? டிஸ்சார்ஜ் புத்தகமும் அதையேதான் சொன்னது: 1942இல் சேர்க்கை, 1946இல் விடுவிப்பு, இடையில் முறிவே இல்லை. படை, மதராஸ் சாப்பர்ஸ்.

மதராஸ்காரர்கள் சண்டைக்கு லாயக்கில்லாதவர்கள் என்று முடிவுகட்டி, 1920களில் மதராஸ் காலாட்படைப் பிரிவுகளை ஒவ்வொன்றாகக் கலைத்தது பிரிட்டிஷ் அரசு. பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட சாப்பர்ஸ் மட்டும் தப்பியது. பாலம் கட்ட, பாதை போட, கண்ணிவெடி எடுக்க ஆள் வேண்டுமே! போர் வந்ததும் கலைத்ததையும் திரும்ப எழுப்பினார்கள். மொத்த இந்தியப் படையும் 25 லட்சம் பேரைத் தொட்டது. கட்டாய ஆள்சேர்ப்பு இல்லாமல் அவ்வளவு பேர் சேர்ந்த படை என்று பெருமையாகச் சொல்வார்கள். பசிக்கு எந்தக் கணக்கில் பேர் எழுதுவது என்று தெரியவில்லை. “மூணு வேளை சோறுன்னாங்க, போயிட்டேன்” என்பதுதான் தாத்தா சொன்ன காரணம்.

அடுத்து போர் நாட்குறிப்புகள். ஒவ்வொரு பிரிவும் அன்றன்று எங்கே இருந்தது, என்ன செய்தது என்று அதிகாரிகள் எழுதிவைத்தவை. பர்மா முனையின் குறிப்புகள் லண்டனில், கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. காசு கட்டினால் நகல் கிடைக்கும். தாத்தாவின் கம்பெனிக்கு உரிய பக்கங்களை வாங்கினேன். தாத்தா பெயரைத் தேடி இரண்டு ராத்திரி கண் விழித்தேன். வெள்ளை அதிகாரி லீவில் போனதும் வந்ததும் பெயரோடு இருக்கிறது. நம் ஆட்கள் வெறும் ‘ஐ.ஓ.ஆர்.’, அதாவது அதிகாரி அல்லாத இந்தியர். இத்தனை ஐ.ஓ.ஆர். மருத்துவமனைக்கு, இத்தனை ஐ.ஓ.ஆர். திரும்பினர். மணிக்கூண்டுக் கல்வெட்டேதான் மறுபடியும்.

ஆனால் இடங்களின் பெயர்கள் இருந்தன. தாமு, கபா பள்ளத்தாக்கு, கலேவா. இம்பாலை ஜப்பானியப் படை முற்றுகையிட்டது 1944 மார்ச்சில். ஜூலைக்குள் அது முறியடிக்கப்பட்டது. ஜெனரல் ஸ்லிம்மின் 14ஆம் படை அவர்களைத் துரத்திக்கொண்டு பர்மாவுக்குள் இறங்கியது அந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான். மலேரியாவுக்குப் பேர்போன இடம் அது. டிசம்பரில் கலேவாவில் சிந்த்வின் ஆற்றின் குறுக்கே ஆயிரம் அடிக்கு மேல் நீளமான பெய்லி பாலம் போட்டார்கள். பாலம் இருந்தால் போதுமா, லாரி வந்துசேர ரோடு வேண்டாமா? பள்ளத்தாக்கு முழுக்கக் களிமண். மழை இறங்கினால் சேறு.

அந்த ரோட்டைப் பற்றித் தேடப்போய்த்தான் ஸ்லிம் 1956இல் எழுதிய நினைவுக்குறிப்புக்கு வந்தேன். கல் கிடைக்காத இடத்தில் என்ன செய்தார்கள் என்று அதில் விளக்கியிருக்கிறார். மண்ணை மேடுகட்டிச் சமன்செய்து, தாரில் தோய்த்த சணல்துணிச் சுருளை ஓட்டுக்கூரைபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி விரித்துக்கொண்டே போவார்கள். மழைநீர் மண்ணுக்குள் இறங்காது. ‘பித்தெஸ்’ என்று பெயர். 14ஆம் படையின் தலைமைப் பொறியாளர் ஹேஸ்டட்டின் ஏற்பாடு. அப்படி நூறு மைல் ரோடு போட்டார்களாம். மேலே லாரியும் போயிருக்கிறது.

சாக்குத்துணியும் தாரும். புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

தாத்தா நேதாஜி பெயரைச் சொன்னதே இல்லை என்று அப்பாவிடம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. “அண்ணன்தான் சொல்லுவாரு. அப்பா மறுக்கவும் மாட்டாரு.” பெரியப்பாவையும் குற்றம் சொல்ல முடியவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு, வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்தேன் என்பதில் என்ன மரியாதை? நான்கு வருட சேவைக்கு பென்ஷனும் கிடையாது. 1972இல் தியாகிகள் பென்ஷன் வந்தபோது அதில் ஐ.என்.ஏ.காரர்களுக்கு இடம் இருந்தது. மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் எத்தனையோ பேர். அதே போரில் இந்தப் பக்கம் மண்வெட்டி பிடித்ததும் தமிழன்தான். ஒருவருக்குக் கதை கிடைத்தது. இன்னொருவர் அதைக் கடன் வாங்கவேண்டியிருந்தது.

எல்லாவற்றையும் அப்பாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப அந்த சாக்கு ரோடு நெஜந்தானா?” என்றார்.

“நெஜம்தான்பா.”

“நாங்கல்லாம் அவ்ளோ சிரிச்சமேடா” என்றார்.