எச்.264 ஏற்றுமதி அமைப்புகள்

எச்.264 தரநிலையில் வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும்போது தரத்தையும் கோப்பளவையும் தீர்மானிக்கும் தெரிவுகள். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் ஐ.எஸ்.ஓ./ஐ.இ.சி. அமைப்புகளும் இணைந்து உருவாக்கிய இத்தரநிலையின் முதல் பதிப்பு 2003இல் வெளிவந்தது.

வகைகள்: பிட்ரேட் (நொடிக்கான தரவளவு) கட்டுப்பாடு முக்கியமாக மூவகைப்படும். மாறா பிட்ரேட் நேரலைக்கு ஏற்றது. இருமுறைக் குறியாக்கம் கோப்பளவு வரையறுக்கப்பட்ட இடங்களில் பயன்படும். சி.ஆர்.எஃப். (மாறா வீதக் காரணி) முறை தரத்தை நிலைநிறுத்தி, கோப்பளவை மாறவிடும்.

அளவுகள்: எச்.264 குறியாக்க மென்பொருளான எக்ஸ்264இல் சி.ஆர்.எஃப். இயல்பு மதிப்பு 23. எண் குறையத் தரமும் கோப்பளவும் கூடும். நொடிக்கு 30 ஃபிரேம் கொண்ட சாதாரண 1080பி வீடியோவுக்கு யூடியூப் பரிந்துரைப்பது நொடிக்கு 8 மெகாபிட். ரெசல்யூஷனும் ஃபிரேம் வீதமும் மூலத்தை ஒத்திருப்பது பொதுவிதி.

பயன்பாடு: 2013இல் அடுத்த தரநிலையான எச்.265 வெளிவந்தபோதிலும், பெரும்பாலான கருவிகளில் இயங்குவதால் எச்.264 பரவலாகப் பயன்படுகிறது.