ஒலியுரிமையும் எழுத்துரிமையும்: பாரதி பாடல் முதல் ஒலிநூல் வரை

ஒரு படைப்பின் எழுத்து வடிவம் ஒருவரிடமும் ஒலி வடிவம் வேறொருவரிடமும் இருப்பின், இரண்டையும் ஒருசேர வழங்க எவருக்கு உரிமை உண்டு? கணினிக்காலத்து வினாவாகத் தோன்றும் இது, தமிழகத்தில் 1940களிலேயே எழுந்தது.

அண்மைக்கால வழக்கை முதலில் நோக்கலாம். ஒலிநூலைக் கேட்கும்போதே அதன் சொற்கள் கைப்பேசித் திரையில் ஓடும் வசதியை ஆடிபிள் நிறுவனம் 2019 ஜூலையில் அறிவித்தது. அவ்வெழுத்து பதிப்பாளரிடம் பெற்றதன்று. ஒலியைக் கேட்டு இயந்திரமே எழுதியது. ஆகஸ்டில் பெங்குயின் ராண்டம் ஹவுஸ், ஹார்ப்பர்காலின்ஸ் உள்ளிட்ட 7 பதிப்பகங்கள் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றத்தை நாடின. ஒலிக்கு அளித்த இசைவு எழுத்துக்கு ஆகாது என்பதே அவற்றின் வாதம். இயந்திரம் பிழைபட எழுதுவதும் குறையாகச் சுட்டப்பட்டது. பக்கம் புரட்ட இயலாத சில சொற்களின் ஓட்டம் நூலாகாது என்றும், கல்விக்குரிய நியாயப் பயன்பாடே இது என்றும் ஆடிபிள் விடையிறுத்தது. அப்பதிப்பகங்களின் நூல்களுக்கு இசைவின்றி எழுத்தோட்டம் இடுவதில்லை என்னும் உடன்பாட்டுடன் 2020 தொடக்கத்தில் வழக்கு முடிந்தது. நியாயப் பயன்பாடு பற்றிய வினா தீர்ப்பின்றியே நின்றுவிட்டமை ஆய்வாளர்க்கு ஏமாற்றமே.

இனிப் பாரதி. 1921இல் கவிஞர் மறைந்தபின் அச்சுரிமை காலப்போக்கில் அவருடைய தம்பி சி. விசுவநாதனிடம் சேர்ந்தது. இசைத்தட்டு உரிமையோ தனியே விற்கப்பட்டு, வணிகர் ஒருவர் வழியாக ஏ.வி. மெய்யப்பனை அடைந்தது. அவரது 'நாம் இருவர்' (1947) படத்தில் பாரதி பாடல்கள் புகழ்பெற்றன. டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' (1948) படத்தில் பாரதி பாடலைச் சேர்த்தபோது பூசல் மூண்டது. நூலில் எவரும் படிக்கக்கூடிய பாட்டைத் திரையில் பாடத் தடையா என்ற கேள்வி பரவிற்று. நாரண துரைக்கண்ணன் முதலியோர் முன்னின்ற கிளர்ச்சிக்குப்பின், 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் தலைமையிலான அரசு உரிமைகளை ஏற்றது. மெய்யப்பன் தம் ஒலியுரிமையை விலையின்றி ஈந்தார். அங்கு ஒலியுரிமையாளர் தடுத்தார். நியூயார்க்கிலோ எழுத்துரிமையாளர் தடுத்தனர். திசைதான் வேறு.

இச்சிக்கலின் பொருள் எல்லைப்புறத்திலேதான் நன்கு புலப்படும். ஓசூரை அடுத்த கர்நாடகத்து ஆனேக்கல் வட்டத்தில், தமிழைப் பேசிக் கேட்டு உணர்ந்தும் கன்னடவழிக் கல்வியால் தமிழெழுத்தை வாசிக்க இயலாதோர் உளர். கேட்கும் சொல்லைக் கண்ணாலும் காண்பது அவர்கட்கு எழுத்தறிவின் வாயில் ஆகக்கூடும். 2012ஆம் ஆண்டுத் திருத்தம் மாற்றுத்திறனாளர்க்கு ஏற்ற வடிவில் படைப்புகளை ஆக்க இசைவின்றியே வழிவிட்டது; இத்தகைய வாசகர் அதன் வரம்பில் வாரார்.

நாட்டுடைமை நூல்களுக்கு இத்தடை இல்லை; எனினும் ஒன்று எஞ்சுகிறது. பாரதியின் எழுத்துக்கு இன்று எவரிடமும் இசைவு வேண்டியதில்லை. ஆனால் ஒலிப்பதிவுக்கு இந்தியச் சட்டம் வெளியீட்டுக்குப்பின் 60 ஆண்டுகள் தனியுரிமை தருவதால், பிறர் பதிந்த குரலோடு அவ்வெழுத்தை ஓடவிட விழைவோர் பதிவுரிமையாளரையே அணுக வேண்டும்.