போத்தலுக்குள் பூத்த மூங்கில்

நமுனுகுல மலைச்சாரலில் கொழுந்து பறிக்கும் தாய்மார் தாவர ஓமோன்களைப் பற்றிப் படித்தவர்களல்லர். எனினும் அவற்றின் ஆட்டத்தை நாள்தோறும் மாற்றியமைப்பவர்கள் அவர்களே. தளிரின் நுனியில் உருவாகும் ஒட்சின் கீழேயுள்ள பக்க அரும்புகளை உறங்க வைக்கின்றது. நுனியைக் கிள்ளியதும் அந்தத் தடை நீங்க, சைற்றோக்கைனின் அவற்றை எழுப்பி விடுகின்றது. கவ்வாத்து வெட்டிய செடி கிளைத்துத் தழைப்பதும் இதனாலேயே. உயர்தர உயிரியல் பாடத்திற்காக இந்த ஓமோன்களின் பெயர்களை மனனம் செய்யும் எம் பிள்ளைகள் பலர், அப்பாடம் தம் தாயாரின் விரல்களில் இருப்பதை அறியார்.

தேயிலையில் நமக்குக் கொழுந்தே வருமானம், பூ வேண்டாப்பொருள். ஆனால் பூவே வேண்டுமென்றால் என் செய்வது? இழைய வளர்ப்பு ஆய்வுகூடங்கள் இவ்வினாவுக்கு விடை தேடின. 1957இல் அமெரிக்காவில் ஸ்கூக், மில்லர் ஆகியோர் புகையிலைத் தண்டின் இழையத்தை வளர்த்து, ஒட்சின் மிகுந்தால் வேரும் சைற்றோக்கைனின் மிகுந்தால் தளிரும் தோன்றுவதைக் காட்டினர். 1973இல் பிரான்சில் கிம் ட்ரான் தன் வான் என்னும் அம்மையார், புகையிலையின் பூங்கொம்பிலிருந்து சில கலப்படைகளே கொண்ட மெல்லிய தோலை உரித்தெடுத்து வளர்த்தார். இரு ஓமோன்களும் சமவளவில் இருந்தபோது அத்தோலில் நேரடியாகவே பூவரும்புகள் முகிழ்த்தன. சைற்றோக்கைனினைக் கூட்டியபோது இலையரும்புகளே வந்தன. அதே செடியின் அடித்தண்டிலிருந்து எடுத்த தோலோ பூக்கவில்லை. ஓமோன் கட்டளையிடலாம், கேட்கின்ற இழையமும் அதற்குப் பக்குவப்பட்டிருக்க வேண்டும்.

எமது அயல்நாட்டில் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. மூங்கில் இனங்கள் பல 12 முதல் 120 ஆண்டுகள் வரை வளர்ந்து, ஒரேயொரு முறை பூத்து, விதை ஈன்று மடிந்துவிடும். பூவைக் காணவே ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். இந்தியாவின் புனே நகரிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுகூடத்தைச் சேர்ந்த நட்கவுடா, பராஷராமி, மஸ்கரேனஸ் ஆகிய மூவரும் 1990இல் 'நேச்சர்' சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். சைற்றோக்கைனினும் தேங்காய் நீரும் சேர்த்த ஊடகத்தில் வளர்ந்த மூங்கில் தளிர்கள் சில மாதங்களிலேயே பூத்து விதையும் தந்தன என்பதே அச்செய்தி. தேங்காய் நீரிலும் இயற்கையான சைற்றோக்கைனின் உண்டு. நம் வீட்டுப் பண்டம்தான்!

இதனை வெறும் ஆய்வுகூட வேடிக்கையென நாம் ஒதுக்கிவிட முடியாது. கலப்பின மூங்கிலை உருவாக்க இரு பெற்றோரும் ஒரே காலத்தில் பூக்க வேண்டும். ஒரு விஞ்ஞானியின் வாழ்நாளில் அது கூடிவருவது அரிது. போத்தலுக்குள் வேண்டியபோது பூக்க வைக்க முடிந்தால் அக்காத்திருப்பு தேவையில்லை. அதேவேளை, பூத்தபின் மடிவது மூங்கிலின் இயல்பு. ஆகையால் நடுகைக்கென இழைய வளர்ப்பில் பெருக்கும் கன்றுகள் முன்கூட்டியே பூத்துவிட்டால் நட்டவருக்கு நட்டமே மிஞ்சும்.