வாதக் காய்ச்சல் (ஊவாத் தோட்டப்புறம்)

'ஏ' பிரிவு ஸ்ட்ரெப்டொகொக்கஸ் கிருமியால் வந்த தொண்டை நோவு ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்துத் தோன்றும் நோய். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வரும். கிருமியை எதிர்க்க எழுந்த சக்தி உடலையே தாக்குவதால் உண்டாகிறது. தொண்டை நோவு கண்டவர்களில் மிகச் சிலரையே பிடிக்கும். பிடித்தால் இதய வால்வைக் கெடுக்கக்கூடும்.

இதன் ஒரு முகத்தை முதலில் எழுதிவைத்தவர் ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம். பிள்ளைகளின் கைகால் தன்போக்கில் துள்ளும் நிலையை 1686இல் விவரித்தார். மூட்டு நோயோடு அதற்குள்ள உறவை அவர் அறியவில்லை. 1812இல் மருத்துவர் வெல்ஸ் மூட்டு நோவையும் இதயத்தையும் இணைத்தார். பிரான்சின் பூயோ 1830களில் அதை உறுதியாக்கினார். இதயத் தசையில் காணும் சிறு முடிச்சுகளை 1904இல் அஷோஃப் விவரித்தார். ரெபேக்கா லான்ஸ்ஃபீல்ட் 1933இல் கிருமியை வகை பிரித்தார். நோயைத் தீர்மானிக்கும் ஜோன்ஸ் விதிகள் 1944இல் வந்தன. தொண்டை நோவுக்கு உடனே பென்சிலின் கொடுத்தால் இந்நோயைத் தடுக்கலாம் என்பது 1950இல் அமெரிக்கப் படைமுகாம் ஒன்றில் நிறுவப்பட்டது. மருத்துவ வரலாற்றில் இதைவிட மலிவாகக் கிடைத்த வெற்றிகள் குறைவு.

குளிரும் ஈரமுமே காரணம் என்பது பழைய எண்ணம். பனி மூடும் ஹப்புத்தளை, நமுனுகுலைச் சரிவுகளில் அது மெய்போலவே தோன்றும். ஆனால் உண்மைக் காரணம் நெரிசல். பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பிராவில் (வரிசை வீட்டு அறையில்) குடும்பமே படுத்தெழும்போது ஒரு பிள்ளையின் இருமல் அத்தனை பேருக்கும் பொது. இத்தகைய லயங்களில் வாழ்ந்த தொழிலாளருக்கு மருத்துவ வசதி தரும் பொறுப்பை 1872, 1912ஆம் ஆண்டுகளின் மருத்துவத் தேவைகள் சட்டங்கள் தோட்டங்கள்மேல் சுமத்தின.

நோய் பிடித்த பிள்ளைக்கு முழங்கால் வீங்கி வற்ற, கணுக்கால் வீங்கும். எண்ணெய் தேய்த்தாலும் தேய்க்காவிட்டாலும் மூட்டு தானே குணமாகிவிடும். வீட்டார் நிம்மதியடைவதும் அப்போதுதான். ஆனால் இதயத்தில் விழுந்த வடு நிற்கும். வளர்ந்து கொழுந்தெடுக்கப் போன பெண்ணுக்கு, முதல் கர்ப்பத்தில் மூச்சு முட்டும்போதுதான் வால்வு சுருங்கியிருப்பது தெரியவரலாம். கைகால் துள்ளும் பிள்ளையோ கோப்பையைத் தவறவிடும், கையெழுத்துக் கோணும், குறும்பென்று அடியும் வாங்கும்.

சிறுநீரக அழற்சியும் இதே கிருமியின் பின்விளைவு.

ஒருமுறை வந்தவருக்கு மூன்று நான்கு வாரத்துக்கொரு பென்சிலின் ஊசி, பல ஆண்டுகள் வேண்டும். மாத்திரையைவிட ஊசியே நம்பகமானது. இன்று பதுளை போதனா வைத்தியசாலையில் இதயப் பரிசோதனை செய்யலாம். ஆனால் லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கிளினிக் கொப்பியோடு வரும் தாய்க்கு அன்றைய பேர் (நாட்சம்பளம்) போய்விடும்.