ஒலிக்குளமும் இதயத்துடிப்பும்

இசை கேட்பவரின் உடலில் உணரிகளைப் பொருத்தி, அவர் நாடித்துடிப்பையே இசைக்குள் கொண்டுவருவதை இந்நூற்றாண்டின் புதுமையாகச் சொல்கிறார்கள். அதன் வரலாறு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது.

1965 மே மாதம். அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்து ரோஸ் கலைக்கூடத்தில் இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் தலையில் மின்முனைகளுடன் கண்மூடி அமர்ந்தார். மூளையில் எழும் ஆல்ஃபா அலை நொடிக்கு 8 முதல் 13 முறை அதிர்வது, செவிக்கு எட்டாதது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கிகளுக்கு அனுப்ப, அவற்றின் நடுக்கத்தில் முரசுகளும் தாளங்களும் தாமே முழங்கின. கருவி தந்து உதவியவர் எட்மண்ட் டிவான் என்ற இயற்பியலாளர். மனம் அடங்கினால்தான் அந்த அலை எழும். கண் திறந்தால் ஒடுங்கிவிடும். சும்மா இருப்பதே அங்கு வாசிப்பு!

தனியொருவர் செய்த இதனைக் குழு இசைக்குள் கொண்டுவந்தவர்களுள் முக்கியமானவர் ரிச்சர்ட் டைட்டல்பாம். 1966இல் ரோம் நகரில் ஃபிரெடெரிக் ஜெஃப்ஸ்கி, ஆல்வின் கரன் முதலியோருடன் அவர் தொடங்கிய குழு மூசிகா எலெத்ரோனிகா வீவா. கண்ணாடித் தகட்டிலும் மோட்டார் எண்ணெய்த் தகரத்திலும் தொடு ஒலிவாங்கிகளை ஒட்டி வாசித்தவர்கள் இவர்கள். 1967இல் டைட்டல்பாம் அமெரிக்காவிலிருந்து மூக் சின்தசைசரை ரோமுக்குக் கொண்டுவந்தார். மூளை அலை, இதயத்துடிப்பு, மூச்சு மூன்றும் அதனை இயக்கலாயின.

அதே குழு 1968இல் கேட்போரையும் வாசிக்க அழைத்தது. நிகழ்வின் பெயர் 'ட்சூப்பா'. இத்தாலிய மொழியில் சூப் என்று பொருள். மறு ஆண்டு வந்தது 'ஒலிக்குளம்'. வருபவர் தம் ஒலியைக் கொண்டுவந்து குளத்தில் எறியலாம். அதற்கு ஜெஃப்ஸ்கி எழுதிய நெறிகளுள் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது: தேர்ந்தவர் முந்தி நிற்காமல், தேராதவருக்குப் பக்கவாத்தியமாக அமைய வேண்டும். கச்சேரி மேடையின் படிநிலையையே தலைகீழாக்கும் விதி இது.

ஒரே குழுவில் பிறந்தாலும் இவை இரண்டும் ஒரே வகைப் பங்கேற்பு அல்ல என்பது என் கருத்து. குளத்தில் ஒலியை எறிபவர் எறியாமலும் இருக்கலாம், பிழையாக எறியலாம், பிறர் வாசிப்பைக் கெடுக்கவும் செய்யலாம். இதயம் யாருடைய இசைவையும் கேட்டுத் துடிப்பதில்லை. லூசியரும் தம் உடலைத் தாமே ஒப்படைத்தவர். அவர் கேட்பவராக இருக்கவில்லை.

2023இல் வெளியான பெர்லின் ஆய்வொன்றை இங்கே குறிப்பிட வேண்டும். தந்தி ஐவர் குழு பீத்தோவன், பிராம்ஸ், பிரெட் டீன் ஆகியோரின் படைப்புகளை வாசிக்க, கேட்டவர்களின் இதயத்துடிப்பு, மூச்சு, தோலின் மின்கடத்தல் ஆகியவை அளக்கப்பட்டன. ஒருவருக்கொருவர் அறியாமலே அவர்களது உடல்கள் ஒத்திசைந்திருந்தன. வியப்பான செய்திதான், ஆய்வென்ற அளவில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் இத்தகைய அளவீட்டையே 'ரசிகர் பங்கேற்பு' என்று நாளை ஓர் அரங்கம் விளம்பரம் செய்தால், தகரத்தைத் தட்டிப் பார்க்க அங்கே எனக்கு இடமுண்டா என்று கேட்பேன்.