புகையைச் சுற்றிய உறை

மதுரை நகரின் சந்துகளிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் முன்பெல்லாம் பெட்டிக்கடை வாசலில் ஒரு தேங்காய்நார்க் கயிறு கட்டித் தொங்கும். அதன் கீழ்நுனியில் காலை முதல் இரவு வரை ஒரு கங்கு கனிந்துகொண்டே இருக்கும். பீடி வாங்கியவர் அதை வாயில் வைத்தபடி குனிந்து கயிற்றில் பற்ற வைத்துக்கொள்வார். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுக் கடைக்காரரோடு ஊர்க்கதை பேசத் தொடங்குவார். பேச்சு சற்று நீண்டால் பீடி அணைந்துவிடும். மறுபடியும் கயிற்றிடம் குனிவார். கயிறு அணைந்திருக்காது.

இப்போது பெரும்பாலான கடைகளில் அந்தக் கயிற்றின் இடத்தில் லைட்டர் தொங்குகிறது. ஆனால் கயிறு எழுப்பும் கேள்வி நல்ல கேள்வி. தென்னை நாரும் உலர்ந்த புகையிலையும் தாவரப் பொருள்களே. ஒன்று யாரும் ஊதாமலே மணிக்கணக்கில் கனிகிறது. மற்றொன்று உறிஞ்சாவிட்டால் அணைந்து போகிறது. இதற்குக் காரணம் புகையிலை அன்று. அதைச் சுற்றியுள்ள இலை.

சுடர் இல்லாமல் கனிந்து எரியும் பொருளுக்கு ஆக்சிஜன் சிறிது சிறிதாக, ஆனால் இடைவிடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். கயிற்றில் நாருக்கும் நாருக்கும் இடையே எங்கும் சந்துகள். காற்று எந்தப் பக்கமிருந்தும் கங்கை அடையலாம். பீடியின் இலையிலோ மெழுகு போன்ற மேல்தோல் உண்டு. காற்று நுழைய எரியும் முனை ஒன்றுதான் வழி. அந்த முனையில் சாம்பல் மூடியதும் கங்கு மூச்சுத் திணறுகிறது.

மாணவர்கள் இதை நெருப்பில்லாமலே சோதித்துப் பார்க்கலாம். பப்பாளி இலைக் காம்பு ஒன்றைக் குழாயாக நறுக்கிக்கொண்டு, அதன் ஒரு முனையில் வாதாம் மரத்து இலையை இறுக்கிக் கட்டி, மறுமுனையில் வாய் வைத்து உறிஞ்சுங்கள். காற்று வராது. இலையை எடுத்துவிட்டுச் செய்தித்தாளைக் கட்டி உறிஞ்சினால், மெல்லக் கசிந்து வரும் காற்றை நாக்கு உணரும். இந்தச் சிறு வேறுபாட்டின் மேல்தான் ஒரு பெருந்தொழிலே கட்டப்பட்டது.

புகையிலையை இலையில் சுற்றும் கலை நம் பகுதிக்குப் பீடியோடு வந்ததன்று. போர்த்துக்கீசியர் கொண்டுவந்த புகையிலைச் செடி, 1985 வரை மதுரை மாவட்டத்தோடு சேர்ந்திருந்த திண்டுக்கல் வட்டாரத்தின் மண்ணில் நன்றாக வேரூன்றியது. அங்கு விளைந்த இலை திருச்சிராப்பள்ளியில் சுருட்டாகிக் கப்பலேறிற்று. ஆங்கிலேயர் அதை 'டிரிச்சினாப்பொலி' என்றே அழைத்தனர். 'செரூட்' என்னும் ஆங்கிலச் சொல்லே நம் 'சுருட்டு'தான். கோனன் டாயில் 1887இல் வெளியிட்ட முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையில், கொலை நடந்த அறையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே அது டிரிச்சினாப்பொலிச் சுருட்டின் சாம்பல் என்று துப்பறிவாளர் சொல்லிவிடுகிறார். நம் ஊர்ச் சாம்பல் இலண்டனில் சாட்சி சொன்னது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

சுருட்டில் உறையும் புகையிலை இலையேதான். ஆகவே இங்கே தேர்வு என்பது இலைக்குள் இலையைத் தேர்வதே. மேலே சுற்றும் இலை மெல்லியதாக, கிழியாததாக, நரம்பு தடிக்காததாக இருக்க வேண்டும். அதோடு தானும் சீராகக் கனிய வேண்டும். இலையில் உள்ள பொட்டாசியம் கனிதலுக்கு உதவுகிறது. குளோரின் அதைக் கெடுக்கிறது. உவர்நீர் பாய்ச்சிய கொல்லையின் இலை நின்று கனியாமல் அணைந்து அணைந்து போவதற்கு இதுவே காரணம். கிணற்றின் உப்பு சுருட்டின் முனை வரை வந்து பேசுகிறது! இத்தகைய புகையிலைகளை ஆராய்வதற்கென்றே திண்டுக்கல்லுக்கு வடக்கே வேடசந்தூரில் 1948இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது.

சுருட்டு முழுவதும் புகையிலை, விலை கூடுதல். ஏழைக்கு அது கட்டுப்படியாகாது. ஒரு சிட்டிகைப் புகையிலைத் தூளை மலிவான ஏதேனும் ஓர் இலையில் சுற்றினால் என்ன என்று பல ஊர்களில் பலர் முயன்றிருக்கின்றனர். சோழர் சூடிய மாலைக்குரிய ஆத்தி மரத்தின் இலைகூட இதற்குப் பயன்பட்டிருக்கிறது. கடைசியில் வென்றது, வடநாட்டார் தெந்து என்றும் ஒரிய மக்கள் கெந்து என்றும் அழைக்கும் கருந்தும்பி இலை. கருங்காலிக் குடும்பத்து மரம் இது. மத்திய இந்தியக் காடுகளில் ஏராளம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குஜராத்திலிருந்து சென்ற வணிகர்கள் ஜபல்பூர் வட்டாரத்தில் இந்த இலையைக் கொண்டு பீடித் தொழிலைப் பெருக்கினர். பின்னர் வந்த சுதேசி இயக்கம் அந்நியச் சிகரெட்டை விலக்கச் சொன்னபோது பீடிக்கு ஒரு மரியாதையும் கிடைத்தது.

ஏன் அந்த இலை? காய்ந்தபின்னும் தோல்போல் வளையும், எளிதில் மட்காது, கோடையில் பறித்து, உலர்த்திக் கட்டி, மூட்டையாக ஆண்டு முழுவதும் வைத்திருக்கலாம். தண்ணீரில் நனைத்தால் மறுபடியும் பதமாகும். திருநெல்வேலி, தென்காசிப் பக்கத்து வீட்டுத் திண்ணைகளில் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு செய்வது இதைத்தான். ஊறிய இலையைத் தகட்டளவு வைத்துக் கத்தரித்து, தூளிட்டுச் சுருட்டி, நூல் கட்டி, முனையை மடக்குகிறார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலை எடைக்கணக்கில் தரப்படுகிறது. ஓட்டை விழுந்ததும் நரம்பு தடித்ததும் அதில் கலந்திருந்தால் ஆயிரம் தேறாது. குறைந்த இலையைத் தம் காசில் வாங்கி ஈடுகட்டும் பெண்கள் இருக்கிறார்கள். 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்க்கென ஒரு சட்டமும் 1976இல் நலநிதிச் சட்டமும் வந்தன. எனினும் இலையின் தரம் என்பது அவர்களுக்குத் தாவரவியல் அன்று, அன்றைய கூலி.

இந்த இலைக்குப் புகைப்பவரும் ஒரு விலை தருகிறார். காற்றை விடாத உறை என்பதால் பீடியை அடிக்கடி, அழுத்தி இழுத்தாக வேண்டும். சிகரெட்டிலோ நடுவழியில் தாளின் துளைகள் வழியே காற்று கலந்து புகையைச் சற்று நீர்க்கச் செய்கிறது; கார்பன் மோனாக்சைடில் ஒரு பகுதி அதே துளைகள் வழியே வெளியேறியும் விடுகிறது. பீடியில் இவ்விரண்டும் மிகக் குறைவு. தூளும் சாது அன்று. 2001இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு கிராம் பீடித் தூளில் ஏறத்தாழ 21 மில்லிகிராம் நிகோடினும், பில்டர் சிகரெட்டின் புகையிலையில் 16 மில்லிகிராமும் இருக்கக் கண்டனர். உருவத்தில் சிறியது என்று பீடியை எளிதாக எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

இனித் தாளுக்கு வருவோம். ஐரோப்பாவில் புகையிலையைத் தாளில் சுற்றும் வழக்கம் ஸ்பெயினிலிருந்து பரவியது. அங்கே அல்காய் என்னும் ஊர் இத்தாளுக்குப் பெயர்பெற்றது. பிரான்சில் பெர்ப்பிஞான் நகரத்து ழான் பார்து 1838இல் மெல்லிய தாள்களைச் சிறு புத்தகமாகக் கட்டி விற்கலானார். அட்டையில் தம் பெயரின் இரு முதலெழுத்துகளையும், நடுவே ஒரு வைர வடிவத்தையும் அச்சிட்டார். மக்கள் அவ்வைரத்தை 'ஓ' என்று படித்து, தாளுக்கு 'ஜாப்' என்றே பெயரிட்டுவிட்டனர். லாக்ருவா குடும்பத்தாரின் 'ரிஸ்லா' என்ற பெயரில் உள்ள 'ரி' என்பது பிரெஞ்சு மொழியில் அரிசி. 'அரிசித் தாள்' என்ற பெயர் நிலைத்தாலும், இத்தகைய தாளுக்கு உண்மையில் உரம் தந்தவை பெரும்பாலும் ஆளிச் செடி நார் போன்றவை. ஓரத்தில் நக்கி ஒட்டும் பசை வேல மரத்துப் பிசின். நம் பிள்ளைகள் கருவேலம் பிசினால் பட்டம் ஒட்டுவதும் அதே வேதியியல்தான்.

வெறும் நார்த்தாள் சீராக எரியாது. ஆகவே ஆலைகள் கூழில் நுண்ணிய சுண்ணாம்புத் தூளை, அதாவது கால்சியம் கார்பனேட்டைக் கலந்தன. தாளின் எடையில் கால் பங்கு வரைகூட அது இருக்கலாம். தூள் நார்களை விலக்கி நிறுத்துவதால் இடையிடையே துளைகள் உண்டாகின்றன, சாம்பலும் வெள்ளையாகிறது. மேலும் சிறிது சிட்ரேட் உப்பைச் சேர்த்தால் கனியும் வேகத்தையே விரும்பியபடி கூட்டலாம், குறைக்கலாம். ஒரு சதுர சென்டிமீட்டர் தாள் வழியே ஒரு நிமிடத்தில் எத்தனை கன சென்டிமீட்டர் காற்று செல்கிறது என்று அளந்தே இத்தாள் விற்கப்படுகிறது. இலை அணைத்துவிடும் கங்கைத் தாள் காப்பாற்றுகிறது. புகைப்பவர் மறந்து வைத்துவிட்டாலும் சிகரெட் தானே எரிந்து தீர்கிறது. அடுத்ததை எடுக்க வேண்டியதாகிறது. அமெரிக்காவில் பான்சாக் 1881இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் பத்து மணி நேரத்தில் ஒரு இலட்சத்துக்கு மேல் சிகரெட் சுற்றத் தொடங்கியபின், இந்தக் குணம் வணிகருக்கு எவ்வளவு உகந்ததாக இருந்திருக்கும் என்று நாமே எண்ணிக்கொள்ளலாம்.

1950இல் இங்கிலாந்தில் டாலும் ஹில்லும், அமெரிக்காவில் விண்டரும் கிரகாமும் நுரையீரல் புற்றுநோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள தொடர்பைக் காட்டினர். அதற்குமுன் பில்டர் என்பது ஓர் ஓரத்துப் பொருள். ஹங்கேரியரான போரிஸ் ஐவாஸ் 1925இலேயே சுருக்கத் தாளால் ஒன்றைச் செய்திருந்தார். அதை நாடுவார் மிகுதியாக இல்லை. அச்சம் பரவியதும் பில்டருக்கு யோகம் அடித்தது. 1952இல் 'கென்ட்' என்னும் சிகரெட் தன் பில்டரே பெரும் பாதுகாப்பு என்று விளம்பரம் செய்துகொண்டு வந்தது. அந்தப் பில்டரில் இருந்தது நீலக் கல்நார்! புற்றுநோய் உண்டாக்கும் ஆஸ்பெஸ்டாசில் கொடிய வகை அது. 1956 வரை அப்படியே விற்றார்கள்.

பிறகு மரக்கூழிலிருந்து செய்த செல்லுலோஸ் அசிட்டேட் இழைகள் வந்தன. இங்கு ஓர் இயற்பியல் நுட்பம் உண்டு. பில்டர் ஒரு சல்லடை என்று பலர் எண்ணுகின்றனர், அது தவறு. இழைகளின் இடைவெளி புகைத்துகளைவிடப் பன்மடங்கு பெரிது. மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணினால் 985 தூண்கள் என்பார்கள். அதற்குள் ஒரு காளை மிரண்டு ஓடினால் வேகத்தில் திரும்ப முடியாமல் ஏதேனும் ஒரு தூணில் மோதிவிடும். போதையில் தள்ளாடுபவரும் இங்குமங்கும் அலைந்து ஒரு தூணில் முட்டிக்கொள்வார். நிதானமாக நடப்பவர் மட்டும் வளைந்து வளைந்து வெளியே வந்துவிடுவார். பெரிய துகள் காளை. மிகச் சிறிய துகள் மூலக்கூறுகளின் மோதலால் தள்ளாடும் மனிதர். இரண்டும் இழையில் சிக்கும். ஒரு மைக்ரானில் மூன்றிலொரு பங்கு அளவுள்ள துகள்தான் நிதானக்காரர். சிகரெட் புகையின் துகள்களில் பெரும்பகுதி ஏறக்குறைய அந்த அளவே! வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கோ தூண்கள் ஒரு பொருட்டே அன்று.

பில்டர் பழுப்பாவதைக் கண்டு 'எவ்வளவு அழுக்கைப் பிடித்துவிட்டது' என்று மகிழ்வோர் உண்டு. 1953இல் ஓர் அமெரிக்கச் சிகரெட் நிறுவனத்தின் வேதியியலாரான கிளாட் டீக், அமில காரத் தன்மையை மாற்றினால் புகை பட்டதும் பில்டர் நிறம் மாறும்படி செய்யலாம் என்றும், அதன் பயன் விளம்பரத்துக்குத்தான் என்றும் நிறுவனத்துக்கு எழுதிவைத்தார்.

அடுத்து வந்தது 'லைட்' சிகரெட். பில்டரைச் சுற்றிய தாளில் கண்ணுக்கு எளிதில் தெரியாத துளைகளை வரிசையாக இட்டனர். அக்காலத்துச் சோதனை இயந்திரம் நிமிடத்துக்கு ஒரு முறை, இரண்டு விநாடியில் 35 கன சென்டிமீட்டர் உறிஞ்சும். துளைகள் வழியே வெறுங்காற்று கலந்ததால் அது காட்டிய தார் அளவு குறைந்தது. மனிதருக்கு உதடும் விரலும் உண்டு. அவை துளைகளை மூடிவிடும். மூடாவிட்டாலும், நிகோடின் போதாத உடல் இன்னும் ஆழமாக இழுக்கச் செய்யும். இத்தகைய வடிவ மாற்றங்களால் அடினோகார்சினோமா என்னும் நுரையீரல் புற்றுநோயின் அபாயம் கூடியுள்ளது என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2014 அறிக்கையில் எழுதினார்.

இன்று கையால் சுருட்டுவோர் மெல்லிய தாள், வெளுக்காத பழுப்புத் தாள் என்று தேடித் தேர்வதைப் பார்க்கிறேன். முனையில் செருகும் அட்டைச் சுருள் வடிகட்டியே அன்று. தூள் வாய்க்குள் வராமல் தடுக்கும் வாசற்படி. தாள் பழுப்பானாலும் வெள்ளையானாலும் உள்ளே எரிவது அதே புகையிலைதான்.

நம் மாநிலத்திலேயே இதற்குக் கணக்கு எடுத்திருக்கிறார்கள். சென்னையிலும் விழுப்புரம் பக்கத்து ஊர்களிலும் இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை அவர்கள் குடும்பத்தாரிடம் கேட்டறிந்து, உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டனர். கஜலட்சுமியும் உடன் ஆய்வாளர்களும் 2003இல் இதை வெளியிட்டனர். சிகரெட்டும் பீடியும் இரண்டும் அதில் அடங்கும். நகரத்தில் 25 முதல் 69 வயது வரை, புகைத்தவர்களின் இறப்பு வீதம் புகைக்காதவர்களைப்போல் இரு மடங்கு; காசநோயால் இறந்தோரை மட்டும் பார்த்தால் நாலரை மடங்கு. புற்றுநோயை எதிர்பார்த்த நம்மில் பலருக்குக் காசநோய் இவ்வளவு பெரிதாக நின்றது வியப்பாக இருந்தது.

2008இல் வந்த மற்றோர் இந்திய ஆய்வு, சிகரெட் புகைக்கும் ஆண்கள் சராசரியாக 10 ஆண்டுகளும் பீடி புகைக்கும் ஆண்கள் 6 ஆண்டுகளும் ஆயுளை இழப்பதாகக் கணக்கிட்டது. பீடி பரவாயில்லையே என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். ஒரு பீடியில் இருக்கும் புகையிலை சிகரெட்டில் இருப்பதில் ஏறத்தாழக் கால் பங்குதான். இழப்பு பாதிக்கும் மேல். அவரையே வகுத்துப் பார்க்கச் சொன்னேன்.